நீண்ட காலம் நிறுத்தப்பட்ட டீசல் எந்திரத்தை மீள இயக்குதல்

நீண்ட காலம் நிறுத்தப்பட்ட டீசல் எந்திரத்தை மீள இயக்குதல் என்பது, பல மாதங்களோ ஆண்டுகளோ இயங்காமல் இருந்த ஒரு டீசல் எந்திரம் தொடங்க மறுக்கும்போது, அதற்கான காரணத்தை ஒழுங்குமுறையாகக் கண்டறிந்து நீக்கும் செயல்முறையாகும். மின்தடைக் காலத்தில் பயன்படும் மின்னாக்கிகள் (ஜெனரேட்டர்கள்), பேருந்துகள், சரக்குந்துகள், நீர் இறைக்கும் எந்திரங்கள் ஆகியவற்றில் இத்தேவை அடிக்கடி எழுகின்றது.

இயங்காத எந்திரம் தேய்வதில்லை என்பது பரவலான எண்ணம். ஆனால் நிறுத்தி வைக்கப்பட்ட எந்திரத்தில் மின்கலம் வலுவிழக்கின்றது, எரிபொருள் கெடுகின்றது, உலோகப் பரப்புகள் துருப்பிடிக்கின்றன. எனவே இத்தகைய எந்திரத்தை அணுகும்போது முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி, "இதனை எவ்வாறு இயக்குவது?" என்பதன்று, "இதனைச் சுழற்றுவது பாதுகாப்பானதா?" என்பதே ஆகும். இவ்வரிசை மாறினால், சிறு செலவில் தீரக்கூடிய குறை எந்திரத்தையே இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லலாம்.

== தென்சென்னைப் புறநகரில் இதன் முக்கியத்துவம் ==

தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம், வேளச்சேரி முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மருத்துவமனைகளும் கல்வி நிறுவனங்களும் நெருக்கமாக அமைந்துள்ளன. இவற்றுள் பலவற்றில் மாற்று மின்வழங்கலுக்காக டீசல் மின்னாக்கிகள் வைக்கப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் கடும் மின்பற்றாக்குறை நிலவியது. 2012 பெப்ரவரி இறுதியில், நாளொன்றுக்குச் சென்னை மாநகரில் 2 மணி நேரமும் பிற பகுதிகளில் 4 மணி நேரமும் மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. பல இடங்களில் நடைமுறை மின்வெட்டு இதனினும் நீண்டிருந்தது. அக்காலத்தில் மின்னாக்கிகள் நாள்தோறும் இயங்கின. பின்னர் மின்வழங்கல் மேம்பட்டதால், அவற்றுள் பல மாதக்கணக்கில் இயக்கப்படாமல் நின்றன. இவ்வாறு ஓய்ந்திருக்கும் மின்னாக்கிகள் தேவைப்படுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களிலேயே ஆகும்.

2015 டிசம்பர் 2 அன்று காலை முடிவுற்ற 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவாகியது. அடையாற்றில் பெருகிய வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. ஆற்றின் கரையிலுள்ள மணப்பாக்கத்தில் ஒரு மருத்துவமனையின் மின்னாக்கி அறைக்குள் நீர் புகுந்ததால், நோயாளிகள் வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. புறநகரின் பல பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல நாட்களாயின. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் மழையின்போது முடிச்சூர், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை ஆகிய பகுதிகள் மீண்டும் வெள்ளத்தில் சூழப்பட்டன.

வாகன எந்திரங்களுக்கும் இத்தகைய நீண்ட ஓய்வு ஏற்பட்டதுண்டு. கோவிட்-19 பொதுமுடக்கத்தால் 2020 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்ட மாநகரப் பேருந்துகளின் பொதுச் சேவை, 2020 செப்டம்பர் 1 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. பள்ளிப் பேருந்துகளின் ஓய்வு இதனினும் நீண்டது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. அதுவரை பள்ளிப் பேருந்துகள் பலவும் நீண்ட காலத்தைத் திறந்த வெளியில் நின்றபடியே கழித்தன.

== டீசல் எந்திரம் தொடங்கத் தேவையானவை ==

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் வடிவமைத்த எந்திரம் 1897 இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டப்பட்டது. பெட்ரோல் எந்திரத்தில் உள்ளது போன்ற தீப்பொறிச் செருகி இதில் இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்று, அதன் பருமனில் 14 இல் ஒரு பங்கு முதல் 22 இல் ஒரு பங்கு வரை அமுக்கப்படுகின்றது. இவ்வமுக்கத்தால் காற்றின் வெப்பநிலை 500 பாகை செல்சியஸுக்கும் மேல் உயர்கின்றது. அந்நிலையில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகின்றது.

எனவே, ஒரு டீசல் எந்திரம் தொடங்குவதற்கு நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

* எந்திரம் போதிய வேகத்தில் சுழல வேண்டும். பெரும்பாலான எந்திரங்களுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முதல் 200 சுற்றுக்களாவது தேவை.
* உருளைக்குள் காற்று தடையின்றிப் புக வேண்டும். புகைக்குழாய் திறந்திருக்க வேண்டும்.
* பிஸ்டன் வளையங்களும் வால்வுகளும் கசிவின்றி அமுக்கத்தைத் தாங்க வேண்டும்.
* தூய டீசல், காற்றுக் குமிழிகள் கலவாமல், உரிய அழுத்தத்தில், உரிய நேரத்தில் தெளிக்கப்பட வேண்டும்.

இவற்றுள் முதலாவது பலராலும் குறைத்து மதிப்பிடப்படுகின்றது. எந்திரம் மெதுவாகச் சுழன்றால், அமுக்கப்பட்ட காற்றின் வெப்பம் உருளைச் சுவர் வழியே இழக்கப்படுகின்றது. காற்றின் ஒரு பகுதி வளையங்களின் இடைவெளி வழியே கசிந்தும் விடுகின்றது. அதனால், மின்கலத்தின் வலுக்குறைவு மட்டுமே குறையாக இருக்கும்போதும், எரிபொருள் அமைப்பில் கோளாறு இருப்பது போன்ற தோற்றம் ஏற்படக்கூடும்.

== ஓய்வுக் காலத்தில் நிகழும் மாற்றங்கள் ==

=== மின்கலம் ===

ஈய அமில மின்கலம் பயன்படுத்தப்படாமல் இருந்தாலும் தன் மின்னேற்றத்தை மெல்ல இழக்கின்றது. வெப்பநிலை உயர உயர இவ்விழப்பும் விரைவடையும். ஆகவே சென்னையின் கோடைக்காலம் மின்கலத்துக்கு உகந்ததன்று. மின்னேற்றம் குறைந்த நிலையில் நீண்ட நாள் இருக்கும் மின்கலத்தின் தகடுகளில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகி விடுகின்றன. அதன் பின் மின்னேற்றம் செய்தாலும் முழுக் கொள்ளளவு திரும்புவதில்லை. மின்னாக்கிகளில் மின்கலத்தைத் தொடர்ந்து மின்னேற்றும் சிறு கருவி பொருத்தப்பட்டிருப்பதுண்டு. அக்கருவி பழுதடைந்தாலோ அணைக்கப்பட்டாலோ, அடுத்த மின்தடை வரை அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

=== எரிபொருள் ===

டீசலைப் பொதுவாக 6 முதல் 12 மாதங்கள் வரை நல்ல நிலையில் சேமித்து வைக்கலாம். வெப்பமும் ஈரமும் இக்காலத்தைக் குறைக்கின்றன. தொட்டி பாதியளவே நிரம்பியிருந்தால், பகலில் விரிந்து வெளியேறும் காற்று இரவில் மீண்டும் உள்ளிழுக்கப்படுகின்றது. அதனுடன் வரும் ஈரப்பதம் தொட்டிச் சுவர்களில் நீர்த்துளிகளாகப் படிந்து அடியில் சேர்கின்றது. டீசலைவிட நீர் அடர்த்தி மிக்கதாதலால் அது அடியிலேயே தங்குகின்றது.

நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வளர்கின்றன. இவை டீசலை உணவாகவும் நீரை வாழிடமாகவும் கொள்பவை. இவற்றால் உண்டாகும் பழுப்பு அல்லது கருநிறக் கொழகொழப்பான பொருள் வடிகட்டியை அடைத்து விடும்; இவை வெளிவிடும் அமிலங்கள் தொட்டியையும் குழாய்களையும் அரிக்கும்.

=== உருளையும் எண்ணெயும் ===

எந்திரம் நின்ற நிலையில் ஏதேனும் சில வால்வுகள் திறந்தே இருக்கும். அவற்றின் வழியே ஈரக்காற்று உருளைக்குள் புகுகின்றது. உருளைச் சுவரைக் காத்து நின்ற எண்ணெய்ப் படலம் நாளடைவில் வடிந்து விடுவதால், பிஸ்டன் வளையங்கள் சுவரைத் தொடும் இடத்தில் துரு பிடிக்கின்றது. கடற்கரைக்கு அண்மையிலுள்ள பகுதிகளில் காற்றிலுள்ள உப்பு இதனை விரைவுபடுத்தும். துரு முற்றினால் எந்திரம் முற்றிலும் இறுகி விடும். பட்டறைகளில் இதனை "ஜாம்" ஆகிவிட்டது என்பர்.

=== எலியும் குளவியும் ===

காற்று வடிகட்டிக் கூட்டினுள் எலிகள் கூடு கட்டுவதும், மின்கம்பிகளின் உறையைக் கடிப்பதும் இப்பகுதியில் சாதாரணமாகக் காணப்படுபவை. டீசல் தொட்டியின் காற்றுத்துளை போன்ற சிறு துளைகளில் குளவிகள் மண்கூடு கட்டுவதுண்டு. தொட்டியின் காற்றுத்துளை அடைபட்டால், எந்திரம் தொடங்கிச் சில நிமிடங்களில் டீசல் கிடைக்காமல் நின்று விடும்.

=== குளிர் குறித்த ஒரு வேறுபாடு ===

ஐரோப்பிய, வட அமெரிக்கக் கையேடுகளில், டீசல் எந்திரம் தொடங்காமைக்குக் குளிர் ஒரு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகின்றது. அந்நாடுகளில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைப்பதுண்டு. சென்னையில் ஜனவரி மாத இரவுகளிலும் வெப்பநிலை பொதுவாக 20 பாகை செல்சியஸை ஒட்டியே இருப்பதால், இக்காரணம் இங்கு பொருந்தாது. இங்கு முதலில் ஐயப்பட வேண்டியவை மின்கலம், எரிபொருளில் கலந்த நீர், எரிபொருள் குழாயில் புகுந்த காற்று ஆகியவையே.

== சுழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை ==

தானியங்கி முறையில் அமைந்த மின்னாக்கிகள், மின்தடை ஏற்பட்டவுடன் தாமாகவே இயங்கத் தொடங்குபவை. எனவே, கட்டுப்பாட்டுப் பலகையை முதலில் அணைத்து, மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிய பின்னரே எந்திரத்தில் கை வைக்க வேண்டும்.

அதன் பின்னர் பின்வருவன சோதிக்கப்படுகின்றன.

# எண்ணெய் அளவுகோலை வெளியே எடுத்துப் பார்த்தல். எண்ணெய் பால் கலந்த தேநீர் போன்ற நிறத்தில் இருந்தாலோ, அளவு வழக்கத்தைவிட உயர்ந்திருந்தாலோ, அதில் நீர் அல்லது டீசல் கலந்துள்ளது எனக் கொள்ளலாம். அளவுகோலில் எண்ணெய் தூய்மையாகத் தெரிந்தாலும், கலவாத நீர் எண்ணெய்த் தொட்டியின் அடியில் தங்கியிருக்கக்கூடும். வடிகால் திருகைச் சற்றே தளர்த்தினால் முதலில் வெளிவருவது நீரா எண்ணெயா என்பது தெரிந்து விடும்.
# கதிர்வீசியில் குளிர்நீரின் அளவைப் பார்த்தல். வெளிப்புறக் கசிவின்றிக் குளிர்நீர் குறைந்திருந்தால், அது உருளைக்குள் புகுந்திருக்க வாய்ப்புண்டு.
# காற்று வடிகட்டி, புகைக்குழாய் ஆகியவற்றின் உட்புறத்தைப் பார்த்தல்.
# எந்திரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தல். வாகனமாயின் கியரை நடுநிலையில் வைத்து, கிராங்க் தண்டின் முன்முனையிலுள்ள திருகைப் பெரிய திருகுச்சாவியால் பிடித்து, இயல்பான சுழற்சித் திசையில் இரண்டு முழுச் சுற்றுக்கள் சுழற்ற வேண்டும்.

கடைசியாகக் கூறப்பட்ட சோதனையே மிகவும் இன்றியமையாதது. காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. உருளைக்குள் நீர் இருக்கும்போது தொடக்கி மோட்டாரால் எந்திரத்தைச் சுழற்றினால், பிஸ்டனின் விசை முழுவதும் இணைப்புத் தண்டின் மீது விழுகின்றது. தண்டு வளையலாம், உடையவும் கூடும். கையால் சுழற்றும்போது ஓரிடத்தில் சட்டென்று தடைபட்டால், வலுவைக் கூட்டக் கூடாது. உட்செலுத்திகளைக் கழற்றி, உருளைகளைத் திறந்த நிலையில் வைத்து மீண்டும் சுழற்ற வேண்டும். நீர் இருப்பின் அது துளைகளின் வழியே வெளியேறி விடும்.

உட்செலுத்திகளைக் கழற்றிய பின்னும் எந்திரம் அசையவில்லையெனில் துருவே காரணமாகலாம். அந்நிலையில் துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வோர் உருளையிலும் சிறிதளவு ஊற்றி, ஓரிரு நாட்கள் ஊற விட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்ப்பது வழக்கம். மிகுதியாக ஊற்றினால் அவ்வெண்ணெயே நீரைப் போல் உருளையை அடைத்து விடும்.

தொடங்க மறுக்கும் பேருந்தைத் தள்ளியோ கட்டி இழுத்தோ இயக்குவது பரவலான வழக்கம். நீண்ட நாள் நின்ற வாகனத்தில் இது தவிர்க்கப்பட வேண்டும். தொடக்கி மோட்டாரின் விசைக்கு ஓர் எல்லையுண்டு. நகரும் பேருந்தின் எடை தரும் விசை அதனினும் பல மடங்கு பெரியது. உருளைக்குள் நீர் இருந்தால் அவ்விசை இணைப்புத் தண்டைச் சிதைத்து விடும். மேலும், காற்றழுத்த பிரேக் கொண்ட பேருந்தில் எந்திரம் இயங்கினாலன்றி பிரேக்குக்கான காற்று சேராது.

== குறையைக் கண்டறிதல் ==

மேற்கூறிய சோதனைகள் நிறைவுற்ற பின்னர், முழு மின்னேற்றம் பெற்ற மின்கலத்தைக் கொண்டு எந்திரம் சுழற்றப்படுகின்றது. ஒரு தடவைக்கு 10 முதல் 15 நொடிகளுக்கு மேல் சுழற்றாமல், இடையில் ஓரிரு நிமிடங்கள் ஓய்வு தர வேண்டும். இன்றேல் தொடக்கி மோட்டார் சூடேறிப் பழுதாகும். எந்திரம் காட்டும் அறிகுறியைப் பொறுத்துக் குறை நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றது.

=== சுழலவில்லை அல்லது மெதுவாகச் சுழல்கின்றது ===

இது மின்சுற்று சார்ந்த குறையாகும். முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் மின்கலம் ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சுழற்றும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்கலம் வலுவிழந்தது எனலாம். மின்கலம் நன்றாக இருந்தும் சுழற்சி மெதுவாக இருந்தால், மின்கல முனைகளில் படிந்த வெண்ணிறப் பூச்சு, எந்திர உடலுடன் இணையும் தரைக்கம்பியின் துரு ஆகியவை சோதிக்கப்பட வேண்டும். பட்டறைகளில் "செல்ஃப்" எனப்படும் தொடக்கி மோட்டார் அடுத்துச் சோதிக்கப்படும். மின்னாக்கிகளில் அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்ட நிலையிலேயே விடப்பட்டிருப்பதும் உண்டு.

=== நன்கு சுழல்கின்றது; புகை இல்லை ===

புகைக்குழாயில் சிறிதும் புகை வரவில்லையெனில், உருளைக்குள் டீசல் செல்லவில்லை என்பது பொருள். தொட்டியில் டீசல் உள்ளதா, அதன் குழாய் திறந்துள்ளதா என்பவை முதலில் பார்க்கப்படும். அடுத்து வடிகட்டி, குழாய் இணைப்புகள், எரிபொருளை நிறுத்தும் மின்காந்த வால்வு ஆகியவை வரிசையாகச் சோதிக்கப்படும். மின்காந்த வால்வு நீண்ட நாள் அசையாமல் மூடிய நிலையிலேயே ஒட்டிக் கொள்வதுண்டு. சாவியைத் திருப்பும்போது அதிலிருந்து மெல்லிய "டக்" ஒலி எழ வேண்டும். ஒலி எழவில்லையெனில் அதற்கு மின்சாரம் வருகின்றதா எனப் பார்க்க வேண்டும். இவை அனைத்தும் சரியாக இருந்தால், குழாயில் புகுந்த காற்றே பெரும்பாலும் காரணமாகும்.

=== வெண்புகை வருகின்றது; தொடங்கவில்லை ===

வெண்புகை என்பது எரியாத டீசலின் ஆவி. டீசல் உருளையை அடைகின்றது, ஆனால் தீப்பற்றவில்லை என்பதை இது காட்டுகின்றது. சுழற்சி வேகக் குறைவு, டீசலில் நீர் அல்லது டீசலின் பழுது, உட்செலுத்தியின் நுனியடைப்பு, அமுக்கக் குறைவு ஆகியன காரணங்களாகும். டீசலைச் சோதிக்க, தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். நீர் இருப்பின் அது அடியில் தனி அடுக்காகப் பிரியும். கலங்கலாகவோ கறுத்தோ புளித்த நாற்றத்துடனோ இருந்தால், அந்த டீசலைப் பயன்படுத்தலாகாது. தூய டீசல் நிரப்பிய சிறு கலனிலிருந்து எந்திரத்துக்கு நேரே குழாய் இணைத்துப் பார்த்தால், குறை தொட்டியிலா எந்திரத்திலா என்பது தெளிவாகும்.

அமுக்கக் குறைவு என ஐயம் எழுந்தால், அமுக்கமானி கொண்டு ஒவ்வோர் உருளையும் அளவிடப்படுகின்றது. ஒட்டிக்கொண்ட வளையங்களும் முழுதும் மூடாத வால்வுகளும் நீண்ட ஓய்வின் வழக்கமான விளைவுகளாகும்.

=== கரும்புகை வருகின்றது ===

டீசலுக்கு ஏற்ற அளவு காற்று கிடைக்கவில்லை என்பதன் அறிகுறி இது. காற்று வடிகட்டி, உள்ளிழுக்கும் குழாய், புகைக்குழாய் ஆகியவற்றில் அடைப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

== எரிபொருள் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுதல் ==

உட்செலுத்தும் பம்பு நீர்மத்தை அழுத்துமாறு வடிவமைக்கப்பட்டது. குழாயில் காற்றுக் குமிழி இருந்தால், பம்பின் ஒவ்வோர் அழுத்தத்திலும் அக்குமிழி சுருங்கி விரிகின்றதேயன்றி, உட்செலுத்தியைத் திறக்கத் தேவையான அழுத்தம் உருவாவதில்லை. பழைய வகைப் பம்புகளில் இவ்வழுத்தம் ஏறத்தாழ 150 முதல் 250 பார் வரை ஆகும். நீண்ட ஓய்வில் ரப்பர் வளையங்கள் சுருங்குவதால், வெளியே டீசல் கசியாத இணைப்பின் வழியேயும் காற்று உட்புகக்கூடும்.

பழைய வகை எந்திரங்களில் காற்றை வெளியேற்றும் முறை பின்வருமாறு.

# தொட்டியின் அடியில் சேர்ந்த நீரை வடித்து, தூய டீசல் நிரப்பி, வடிகட்டியை மாற்றுதல்.
# வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துதல். குமிழிகளும் நுரையும் நின்று தெளிந்த டீசல் வந்ததும், திருகை இறுக்குதல்.
# உட்செலுத்தும் பம்பிலுள்ள காற்றுத் திருகிலும் இவ்வாறே செய்தல்.
# ஒன்றிரண்டு உட்செலுத்திகளின் குழாய்த் திருகுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, எந்திரத்தைச் சுழற்றுதல். அங்கு டீசல் துடிப்புடன் வெளிவந்ததும் இறுக்குதல்.

மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் பொதுத்தண்டவாள வகை எந்திரங்களில் நான்காம் படியைச் செய்தலாகாது. "காமன் ரெயில்" எனப்படும் இவ்வகையில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் உயர்வதால், தளர்த்திய இணைப்பிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைக்க வல்லது. இந்தியாவில் 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மாசு நெறிமுறைகளின்படி உருவாக்கப்படும் மின்னாக்கிகளில் மின்னணுக் கட்டுப்பாடு பரவலாக இடம்பெறுவதால், பழைய பட்டறை வழக்கங்களை அவற்றில் அப்படியே பின்பற்ற இயலாது.

== வெள்ளத்தில் மூழ்கிய எந்திரம் ==

வெள்ளநீர் சூழ்ந்த எந்திரத்தை, நீர் வடிந்த உடனேயே சுழற்றிப் பார்ப்பது பெருஞ்சேதத்திற்குக் காரணமாகும். நீர் எந்த உயரம் வரை ஏறியது என்பதைச் சுவரில் படிந்த சேற்றுக் கோட்டைக் கொண்டு அறியலாம். அது காற்று வடிகட்டியின் வாயையோ புகைக்குழாயின் வாயையோ தாண்டியிருந்தால், உருளைக்குள் நீர் புகுந்துள்ளது என்றே கொள்ள வேண்டும்.

அந்நிலையில் எண்ணெய், டீசல், வடிகட்டிகள் அனைத்தும் மாற்றப்பட வேண்டும். உட்செலுத்திகளைக் கழற்றி உருளைகளிலிருந்து நீரை வெளியேற்றி, உடனே சிறிதளவு எண்ணெய் இட வேண்டும். காற்று பட்ட ஈர உலோகம் விரைவில் துருப்பிடிக்குமாதலால் இதில் காலதாமதம் கூடாது. முதல் எண்ணெயில் சில நிமிடங்கள் மட்டும் இயக்கி, அதனை வடித்து, மீண்டும் புதிய எண்ணெய் ஊற்றுவது வழக்கம். மின்னாக்கியாயின், மின்சாரம் உண்டாக்கும் சுருள்களை உலர்த்தி, அவற்றின் காப்புத்தடையை மின்பணியாளர் அளந்து உறுதிசெய்த பின்னரே மின்சுமை இணைக்கப்பட வேண்டும்.

== பாதுகாப்பு ==

* '''கட்டுக்கடங்காத வேகம்''': உட்செலுத்தும் பம்பின் கட்டுப்பாட்டுத் தண்டு, முழு டீசல் செலுத்தும் நிலையில் ஒட்டிக் கொண்டிருந்தால், எந்திரம் தொடங்கியவுடன் வேகம் கட்டுப்பாடின்றி உயரும். சாவியை அணைத்தாலும் நிற்காது. எனவே முதல் தடவை இயக்கும்போது, காற்று உட்புகும் வாயை மூடத்தக்க தடித்த பலகை ஒன்றைக் கையருகில் வைத்திருக்க வேண்டும். கையாலோ துணியாலோ மூட முயலக் கூடாது.
* '''ஈதர் தெளிப்பு''': எளிதில் தீப்பற்றும் ஈதரைக் காற்றுக் குழாயில் தெளித்து எந்திரத்தை இயக்குவதுண்டு. முன்சூடாக்கும் செருகிகள் உள்ள எந்திரத்தில் இது வெடிப்பை உண்டாக்கும். சென்னையின் வெப்பநிலையில் நல்ல எந்திரத்துக்கு ஈதர் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகின்றதெனில் வேறு குறை உள்ளது என்பதே பொருள்.
* '''நச்சுப்புகை''': கீழ்த்தள வாகன நிறுத்தம் போன்ற மூடிய இடங்களில் எந்திரத்தை இயக்கினால், கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரிழப்பு ஏற்படலாம்.
* '''பின்னோட்ட மின்சாரம்''': மாற்றுச்சாவி இன்றி மின்னாக்கியைக் கட்டடத்தின் மின்சுற்றுடன் இணைத்தால், மின்சாரம் தெருக்கம்பிக்குச் சென்று, அதனைப் பழுது பார்க்கும் மின்வாரியப் பணியாளரைக் கொல்லக்கூடும்.
* '''கைப்பிடியின் எதிரடி''': "ஆயில் எஞ்சின்" எனப்படும் நீர் இறைக்கும் எந்திரங்களைக் கைப்பிடியால் சுழற்றும்போது, அது திடீரென எதிர்த்திசையில் திரும்பி அடிப்பதுண்டு. கட்டைவிரலைப் பிற விரல்களின் பக்கமே வைத்துப் பிடித்தால், கை எளிதில் விடுபடும்.

== இயங்கிய பின் ==

எந்திரம் தொடங்கிய 10 முதல் 15 நொடிகளுக்குள் எண்ணெய் அழுத்தமானி உயர வேண்டும். உயரவில்லையெனில் உடனே நிறுத்த வேண்டும். முதல் சில நிமிடங்கள் வேகத்தைக் கூட்டலாகாது. தொடக்கத்தில் வரும் வெண்புகை, எந்திரம் சூடேறியதும் மறைய வேண்டும். டீசல், எண்ணெய், குளிர்நீர் ஆகியவற்றின் கசிவுகளும், விசிறிப் பட்டையின் வெடிப்புகளும் இந்நேரத்தில் பார்க்கப்படுகின்றன. தொட்டியில் எஞ்சியிருந்த கசடு கலங்கி வருவதால், வடிகட்டியைக் குறுகிய காலத்திலேயே மீண்டும் மாற்ற நேரலாம்.

== தடுப்பு முறைகள் ==

குடியிருப்புகளில் மின்னாக்கியை வாரந்தோறும் ஐந்து நிமிடம், மின்சுமை எதுவும் இன்றி இயக்கி நிறுத்தும் வழக்கம் உண்டு. எந்திரம் தொடங்குகின்றதா என்பதை மட்டுமே இது உறுதி செய்கின்றது. எந்திரம் முழுதும் சூடேறும் முன் நிறுத்தப்படுவதால், எண்ணெயில் ஈரம் ஆவியாகாமல் தங்குகின்றது. எரியாத டீசல் புகைக்குழாயில் கருநிறப் பிசுக்காகப் படிகின்றது. அவசரகால மின்னாக்கிகளுக்கான அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 110, மாதம் ஒருமுறை, கொள்திறனில் 30 விழுக்காட்டுக்குக் குறையாத சுமையில், 30 நிமிடங்கள் இயக்குமாறு கூறுகின்றது. கட்டடத்தின் மின்தூக்கி, நீரேற்றி ஆகியவற்றை இணைத்து இயக்குவதன் மூலம் இச்சுமையைப் பெறலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே டீசல் தொட்டியின் அடிநீரை வடித்து, தொட்டியை நிரப்பி வைத்தல், மின்கலத்தைச் சுமையுடன் சோதித்தல், பழைய டீசலை மாற்றுதல் ஆகியன செய்யப்பட வேண்டும். அடையாற்றின் கரையோரப் பகுதிகளிலும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சூழ்ந்த தாழ்வான பகுதிகளிலும், 2015 இல் வெள்ளம் எட்டிய உயரத்தை அளவுகோலாகக் கொண்டு, அதற்கு மேல் உயர்ந்த மேடையில் மின்னாக்கியை அமைத்தல் நன்று. நீர் எட்டும் இடத்தில் வைக்கப்பட்ட மின்னாக்கி, எவ்வளவு நன்கு பேணப்பட்டாலும், மிகவும் தேவைப்படும் நாளில் பயன்படாது.

வாகனங்களை நீண்ட நாள் நிறுத்த வேண்டியிருப்பின், நிறுத்தும் முன் எண்ணெயை மாற்றுவது நல்லது. பழைய எண்ணெயில் சேர்ந்துள்ள அமிலப் பொருள்கள் ஓய்வுக் காலத்தில் உலோகத்தை அரிப்பதே இதற்குக் காரணம். தொட்டியை நிரப்பி, மின்கலத்தைக் கழற்றித் தனியே பேணி, காற்று வாயையும் புகைக்குழாயையும் மூடி வைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றது. மூடியவற்றைப் பட்டியலிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஒட்டி வைத்தால், மீள இயக்குபவர் அவற்றைத் திறக்க மறக்க மாட்டார்.